ஒரு முழங்காலும் ஊர் முழுக்க மனேஜர்களும்

டிக்கெட் விற்பவனுக்கு விளையாட்டுத் தெரியவேண்டும் என்று சட்டமில்லை. பொறுமையான இரண்டு காதுகள் இருந்தால் போதும். கவுண்டருக்குப் பின்னால் இருந்து வேலை பார்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால், இந்த இடத்திலேயே தலையாட்டுவீர்கள்.

மொன்ட்ரியாலில் ஒரு சிறிய கூடைப்பந்து அணியின் டிக்கெட் கவுண்டர் என்னுடையது. ஆட்டமெல்லாம் குளிர்காலத்தில். வசந்தம் வந்தால் எனக்கு ஓய்வு என்று என் மனைவிகூட நினைக்கிறாள். பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, அடுத்த சீசனுக்கும் டிக்கெட் எடுங்கள் என்று கெஞ்சுகிற காலமே அதுதான். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் விரும்பிய அணியோடு பேரம் பேசுகிற காலமும் அதுதான். ஃப்ரீ ஏஜென்சி என்பார்கள். அந்த நாட்களில் ஊரில் எல்லோரும் மனேஜர்.

அந்த வருடத்துப் பிரச்சினையின் பெயர் ருபென். இருபத்திரண்டு வயது. ஹெய்ட்டியிலிருந்து வந்த அம்மாவுக்கு இங்கேயே பிறந்து, மொன்ட்ரியால்-நோர் பகுதியில் வளர்ந்தவன். அவன் கையில் பந்து போனால், பொப்கோர்ன் வாங்கப் போனவர்கள் வரிசையை விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வருவார்கள். தை மாதத்தில் ஓர் ஆட்டத்தில் இடது முழங்கால் மடங்கி விழுந்தான். மிச்ச சீசன் முழுக்கக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகள ஓரத்து வாங்கில் இருந்தான். ஒப்பந்தமும் முடிந்தது. ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊர் அணி அவனைக் கேட்டிருந்தது. வைத்திருப்பதா, விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் எங்கள் மனேஜர் சில்வான். தங்கமான மனிதர். மத்தியானம் சூப் குடிப்பதா சலாட் சாப்பிடுவதா என்று பின்னேரம் வரை யோசிப்பவர்.

பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எனக்குச் சொல்லப்பட்டவற்றை யாழ்ப்பாணத் தமிழில்தான் தரமுடியும். என் காது அப்படித்தான் வாங்கிக்கொண்டது.

எங்கட பெடியன்

ஈழத்திலிருந்து வந்து ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் டொமினிக் அண்ணை எங்கள் விசுவாசமான வாடிக்கையாளர். வருடா வருடம் சீசன் டிக்கெட் எடுப்பார். ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. சனி ஞாயிறு கடையை யாரிடம் விடுவது? மகன்மார் போவார்கள். வீட்டுக்கு வந்து தங்களுக்குள் பிரெஞ்சில் பேசிக்கொள்வார்கள். அதில் அண்ணைக்கு விளங்குவது பெயர்கள் மட்டும்தான்.

டிக்கெட்டைப் புதுப்பிக்கக் கேட்டு நேரில் போனேன். தக்காளிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "ரூபனை விடப் போறியளாம், உண்மையோ?" என்றார். இன்னும் முடிவில்லை என்றேன். "எங்கட பெடியன் ஒருத்தன் இந்த நாட்டில மேல வாறதே அருமை. ரூபன் எண்டு பேர். மன்னார்ப் பக்கமாயிருக்கும் என்ன?"

அவன் ருபென், ஹெய்ட்டிப் பிள்ளை என்று மெதுவாகச் சொன்னேன். அண்ணை அடுத்த பெட்டியையும் இறக்கி வைத்தார். பிறகு சொன்னார்: "பரவாயில்லை தம்பி. அவையும் எங்களை மாதிரி மாதா கோயில் வேதக்காரர்தானே. வைச்சிருக்கச் சொல்லும்."

வாடிக்கையாளரின் நிபந்தனை

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தனியாக இருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா. முதல் வரிசையில் இருந்து பின்னல் பின்னிக்கொண்டே ஆட்டம் பார்ப்பார். ருபென் விழுந்த அன்று பின்னல் ஊசி எங்கேயோ போய்விட்டதாம். அவரைக் கூப்பிட்டால் தொலைபேசியைத் தோளில் வைத்துக்கொண்டு நான் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிடலாம்.

ருபெனை விட்டால் டிக்கெட்டை நிறுத்திவிடுவேன் என்றார். குறித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, அவன் மறுபடி விழுவதைப் பார்க்கத் தன் இருதயம் தாங்காது, அவனை வைத்திருந்தாலும் நிறுத்திவிடுவேன் என்றார். அதையும் குறித்துக்கொண்டேன். அம்மா, சில்வானிடம் நான் என்னதான் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"அவனை வைச்சிருங்கோ. ஆனால் விளையாட மட்டும் விடாதேங்கோ."

கம்ப்யூட்டர் என்ன சொல்லுது

சென்னையிலிருந்து படிக்க வந்து, எங்கள் அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவன் கார்த்திக். ஆட்டக்காரர்களின் எதிர்காலத்தைக் கணினியில் கணிப்பது அவன் வேலை. கெட்டிக்காரன். ருபென் விஷயத்தில் அவன் போட்ட வரைபடத்தில் ஒரு கோடு மேலே போனது, ஒரு கோடு கீழே போனது, நடுவில் ஒரு சாம்பல் மேகம். ருபென் அந்த மேகத்துக்குள் எங்கேயோ இருந்தான்.

சில்வான் அதை நீண்ட நேரம் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, மேகத்துக்கு வேறு நிறம் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். நீலத்தில் வந்தது. அதற்கும் அவருக்கு மனம் தெளியவில்லை. பச்சையில் கேட்டார்.

அன்றைக்கு கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் கார்த்திக் என்னிடம் சொன்னான்: "அண்ணா, அவருக்கு என்ன முடிவு வேணும்னு முன்னாடியே சொல்லிட்டாருன்னா, மாடலை அதுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுத்துடலாம்."

டாக்டர்

முழங்காலை ஸ்கேன் எடுத்த டாக்டரை சில்வான் அலுவலகத்துக்கே அழைத்துவிட்டார். தாங்குமா என்று கேட்டார். நன்றாக ஆறியிருக்கிறது என்றார் டாக்டர். அப்படியென்றால் தாங்கும்? தாங்க வாய்ப்பிருக்கிறது. அப்படியென்றால் தாங்காமலும் போகலாம்? அதற்கும் வாய்ப்பிருக்கிறது. வெளியே போகும்போது என் கவுண்டரில் நின்று தன் பிள்ளைகளுக்கு டிக்கெட் விலை விசாரித்தார். எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"ருபென் விளையாடுவானோ எண்டு தெரிஞ்ச பிறகு எடுக்கிறன்."

ஒரு அறையா, இரண்டு அறையா

ஒரு நாள் கவுண்டர் கண்ணாடிக்கு வெளியே ஒரு அம்மா நின்றார். பக்கத்துக் கார்தெரியில், அதாவது குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், வேலை முடிந்து நேராக வந்திருந்தார். சட்டையில் பிள்ளைகளின் வர்ணக் கறை. "நான் ருபெனின் தாய்" என்றார். டிக்கெட் வேண்டாம், பதில் வேண்டும்.

விஷயம் இதுதான். அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கேட்டுவிட்டார். இந்த ஊரில் பாதிப் பேர் வீடு மாறும் ஜூலை முதலாம் திகதி இவர்களும் கிளம்ப வேண்டும். மகன் இங்கே இருந்தால் இரண்டு அறை வீடு. ஐரோப்பாவுக்குப் போனால் தனக்கு ஒரு அறை போதும். எதற்குக் கையெழுத்து வைப்பது? மகனைக் கேட்டால், "அவங்கள் சொல்லட்டும் அம்மா" என்கிறானாம். இரவில் நித்திரை இல்லாமல் குசினியில் நடக்கிறானாம்.

எனக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று சொல்லும்படிதான் எனக்கு உத்தரவு. அந்த வார்த்தை வாயில் வரவில்லை. நேரே சில்வானின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவு மூடிக்கொண்டது. கோப்பி உள்ளே போனது. பச்சை மேகமும் போனது. கடைசியில் அம்மா வெளியே வந்து கைப்பையைப் பூட்டினார்.

"நல்ல மனிசன். ஒரு மணித்தியாலம் கதைச்சவர். எனக்கு ஒரு அறையோ ரெண்டு அறையோ எண்டதை மட்டும் சொல்லேல்லை."

பிரிட்ஜ்

ஜூலை முதலாம் திகதி இந்த ஊரில் ஒரு லொறி கிடைப்பது கஷ்டம். ருபென் என்னைக் கூப்பிட்டு அலுவலகத்து வான் வண்டியைக் கேட்டான். நான் சில்வானைக் கூப்பிட்டு வண்டித் திறப்பைக் கேட்டேன். எதற்கு என்றார். ருபென் வீடு மாறுகிறான் என்றேன். "அவன் தூக்கக் கூடாது" என்றார். திறப்போடு அவரும் வந்து வானில் ஏறிவிட்டார்.

நாங்கள் போனபோது ருபென் பிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடி வாசலில் நின்றான். மொன்ட்ரியால் வீடுகளின் வெளிப்படிக்கட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரும்பில் செய்து, நடுவில் ஒரு திருகு திருகி இறக்கியிருப்பார்கள். சில்வான் கீழே நின்று இரண்டு கையையும் தூக்கினார். "வை அதை. முழங்கால்." ருபென் கோபப்படவில்லை. "நான் இப்ப உங்கட ஆட்டக்காரன் இல்லையே, ஐயா" என்றான்.

சில்வான் கைகளை இறக்கினார். மேலே ஏறிப்போய் பிரிட்ஜின் மறுபக்கத்தைப் பிடித்தார். ருபென் கீழ்ப்பக்கம், பின்னோக்கி ஒவ்வொரு படியாக. திருப்பத்தில் சில்வானின் கை வழுக்கியது. பிரிட்ஜ் முழுதாக ருபெனின் மேல் சாய்ந்தது. அவன் இடது காலை ஊன்றி, முழங்காலை மடித்து, அப்படியே நின்றான். அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஓடிப்போய்த் தோள் கொடுக்கும் வரைக்கும் அவன் அசையவில்லை. பிறகு, "மெல்ல, மெல்ல" என்று எங்கள் இருவரையும் தேற்றிக்கொண்டே இறக்கினான்.

சில்வான் நடைபாதை ஓரத்தில் குந்திவிட்டார். ஒரு கை முதுகில். "நோகுதோ?" என்று அந்த முழங்காலைப் பார்த்துக் கேட்டார். "இல்லை" என்றான் ருபென். சில்வான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் கேட்காமல், எந்த நிறத்தையும் மாற்றச் சொல்லாமல், "ரெண்டு வருசம். கையெழுத்து வைக்கிறியோ?" என்றார். ருபென் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. முகத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான்.

அம்மா ஒருவரின் பதிலுக்கும் காத்திராமல் இரண்டு அறை வீட்டுக்கே கையெழுத்து வைத்திருந்தார். மகன் போனாலும் வருகிற நாளில் படுக்க ஓர் இடம் வேண்டாமா என்று. அந்த வீடு மூன்றாம் மாடி. சில்வானின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்: "முதல்ல பிரிட்ஜை மேல ஏத்துங்கோ. பேந்து கதைப்பம்."

விஞ்ஞானம்

அடுத்த கிழமை ருபென் கையெழுத்து வைத்தான். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். சில்வான் நீண்ட விஞ்ஞான ஆய்வுக்குப் பிறகு எடுத்த முடிவு இது என்றார். இருந்து பேசச் சொன்னார்கள். நின்றே பேசினார். முதுகு மடங்கவில்லை. ருபென் பக்கத்தில் நின்று அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அம்மா பின்வரிசையில், இந்த முறை கறையில்லாத சட்டையோடு.

கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது கார்த்திக் மடிக்கணினியைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணா, அந்த ஃபிரிட்ஜ் எவ்ளோ வெயிட் இருக்கும்?"

அடுத்த சீசன் முழுவதும் ருபெனின் முழங்கால் ஒரு சொல் பேசவில்லை; ஆகவே எங்கள் தொழிலைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, ஒரு பெடியனை வைத்திருப்பதா விடுவதா என்று யோசிப்பதில் முதலில் பழுதாவது யோசிக்கிறவரின் முதுகுதான் என்பது மட்டுமே.