இனோசிட்டால் டப்பாவும் அத்தையின் பால்குடமும்

இனோசிட்டால் பவுடர் இனிக்கும். தண்ணீரில் கலக்கினால் சீனித் தண்ணீர்தான். எங்கள் ஊரான பீடோங்கில் மருந்துக்கடையில் வாங்கியபோது, அங்கிருந்த பெண், "சிலருக்குப் பதற்றம் குறையுதுன்னு சொல்றாங்க, எல்லாருக்கும் இல்ல. டாக்டரப் பாருங்க லா அக்கா" என்றாள். அப்போது நான் பார்க்கவில்லை. மனசுக்கு டாக்டர் என்று தெரிந்தால் எங்கள் சனங்கள் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிடுவார்கள்.

கையுறைத் தொழிற்சாலைக்குப் போகப் பஸ் ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். விரல்கள் மரத்துப்போகும். இதோ சாகப்போகிறேன் என்று தோன்றும். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் மாமியார் அந்த டப்பாவைப் பார்த்துவிட்டார். கல்யாணமாகி நாலு வருடம், பிள்ளை இல்லை.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு நீர்க்கட்டிக்கு இதத்தானே சாப்பிட்டா? பிள்ளைக்குத்தானேம்மா?"

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "ஆமா அத்தை" என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து காலையில் அவரே அளந்து கலக்கித் தருவார். குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார். மாதாமாதம் என் முகத்தைப் பார்ப்பார், எதுவும் கேட்க மாட்டார். பவுடர் பயத்தைக் குறைத்ததோ என்னவோ, அவர் பார்வை அதைக் கூட்டியது. மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்பார்கள். எனக்கு மடியிலும் கனமில்லை, வழியெல்லாம் பயம்.

பிறகு பேரப்பிள்ளை வேண்டி, சிடாம் கிரி ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். அறுபதைத் தாண்டியவர், முட்டிவலிக்காரர். தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தார். பின்னால் போன எனக்கு உருமி மேளம் நெஞ்சுக்குள்ளேயே அடித்தது. கோயில் கண்ணுக்குத் தெரியும்போது மூச்சு முட்டி, சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மசக்கையா இருக்கும் லா!" என்றாள் ஒருத்தி. பெண்கள் கூடிவிட்டார்கள்.

அத்தை தலையிலிருந்த குடத்தை இறக்கிக் கீழே வைத்தார். கோயில் சேரும்வரை அதை இறக்கக் கூடாது. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உண்டாயிருக்கியாம்மா?" என்றார்.

"இல்ல அத்தை. அந்தப் பவுடர் பிள்ளைக்கு இல்ல. எனக்குப் பயம். எப்பவும் பயம்."

அத்தை என்னை எழுப்பி நிறுத்தினார். குடத்தைத் தூக்கித் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் என்னைப் பிடித்தபடி நடந்தார். சன்னிதியில் பூசாரி வேண்டுதலைக் கேட்டார்.

"என் மருமகளுக்குப் பயம் போகணும் சாமி."

கூட்டம் முழுக்கக் கேட்டது. எனக்கு வந்ததே கோபம்! இத்தனை நாள் ஒளித்து வைத்ததை, வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவலாகப் போட்டுவிட்டாரே. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெட்கத்தில் கையை உருவப் பார்த்தேன். அவர் விடவில்லை. உள்ளங்காலெல்லாம் கொப்புளத்தோடு நின்று அழுதுகொண்டிருந்தார்.

ஒரு குடத்துக்கு ஒரு வேண்டுதல்தான். பேரப்பிள்ளையை அவர் கேட்கவே இல்லை.