ஏரிக்கரையில் மிளகாய் தாளித்தவர்

"தனியச் சுவீடனில இருந்து படிக்க உன்னால ஏலாது, பிள்ளை," என்றார் அப்பா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்துப் பட்டமும் பெற்ற முதல் ஆள் நான். மேற்படிப்புக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது.

அந்த மார்ச் மாதக் குளிரில், வட ஜெர்மனியின் ஏரிக்கரை ஒன்றில் வோன்மொபில் எனப்படும் வீட்டு வண்டிகள் நிற்கும் தங்குமிடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். சுவீடன் ஏரிகளைச் சுற்றிவிட்டுத் தனியே வண்டி ஓட்டி வந்திருந்தார் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். நரைத்த கொண்டை, முழங்கால்வரை தொங்கும் ஆண்கள் ஜாக்கெட். வண்டிக்குள் நெடி நிற்கும் என்று, வெளியே அடுப்பை வைத்துத்தான் மிளகாய் தாளிப்பார். பக்கத்து வண்டிக்காரர்கள் இருமிக்கொண்டே அவருக்குக் கையசைப்பார்கள்.

"தனியப் போகப் பயமில்லையோ, அக்கா?"

"பயம்தான். அதுக்காக ஏரி இஞ்ச வருமோ?"

மறுநாள் புறப்பட்டுவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை; ஆனால் அவர் தாளித்துத் தந்த பருப்பின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. அன்றே சுவீடன் பல்கலைக்கழகத்துக்கு, படிக்க வருகிறேன் என்று எழுதி அனுப்பினேன். அப்பாவிடம் பிறகுதான் சொன்னேன்.