தண்ணீர் விட்ட ரத்தம்

திரையில் வெறும் வளையங்கள் மட்டுமே தெரிந்தன. ஓரம் பளிச்சென்று இருந்தது, உள்ளே இருட்டு. ஆட்டின் சிவப்பணுக்களுக்குள் நிறைந்திருக்க வேண்டிய ஹீமோகுளோபினைக் காணவில்லை.

ராமன் விளைவை வைத்து இயங்கும் நுண்ணோக்கியில் அணுக்களுக்குச் சாயம் ஏற்றுவதில்லை. லேசர் ஒளி பட்டுச் சிதறும்போது ஏற்படும் நிறமாற்றத்தை வைத்து, எங்கே கொழுப்பு, எங்கே புரதம் என்று படம் வரைந்துவிடலாம். அணுவைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வுதான் என் ஆய்வு. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே செய்யும் முனைவர் பட்டத்தின் கடைசி அத்தியாயம். கருவி மதுரையில் இருந்தது. எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலை. அதை விட்டால் அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது.

லேசரின் திறனைக் குறைத்தேன். கண்ணாடித் தகட்டை மாற்றினேன். அணுக்களைக் கழுவிய உப்புக் கரைசலைச் சரிபார்த்தேன். எதிலும் பிழையில்லை. கழுவிய நீர் மட்டும் அதிகச் சிவப்பாக வந்திருந்தது. பேருந்துக் குலுக்கலில் சில உடைந்திருக்கும் என்று அதை விட்டுவிட்டிருந்தேன்.

படங்களைப் பார்த்த வழிகாட்டிப் பேராசிரியர் உடனே அழைத்தார்.

“சவ்வு மட்டும் இவ்வளவு சுத்தமா வந்திருக்கே. எப்படிம்மா செஞ்சீங்க?”

“தெரியலை சார்.”

“தெரியலைன்னு அத்தியாயத்துல எழுத முடியாதும்மா.”

ஊர் திரும்பி, திண்டுக்கல்லில் பேருந்தை விட்டு இறங்கி நேராகக் கறிக்கடைக்குப் போனேன். விடியற்காலையில் அங்குதான் ரத்தம் வாங்கியிருந்தேன். உறையாமலிருக்க மருந்து போட்ட குழாயை முந்தின நாளே கடைக்காரரிடம் கொடுத்திருந்தேன்.

“அண்ணே, ரத்தத்தை நேரா குழாயிலதானே பிடிச்சீங்க?”

“அந்த விரல் தண்டிக் குழாயிலயா? ஆடு குறி பாத்தா ஊத்தும்? எப்பவும் போல சட்டியில பிடிச்சு, அதுல ஊத்துனேன் டீச்சர்.”

“சட்டியில வேற என்ன இருந்துச்சு?”

“தண்ணிதான். தண்ணி விட்டாத்தான் ரத்தப் பொரியல் பூப்பூவா வரும். இல்லாட்டி கல்லு மாதிரி கெடக்கும். டீச்சருக்காச்சேன்னு ஒரு கை கூடவே விட்டேன்.”

தண்ணீர் புகுந்து அணுக்கள் ஊதி, உள்ளிருந்ததைக் கொட்டிவிட்டு வெறும் சவ்வாகியிருக்கின்றன. ஆய்வகங்களில் அளந்து செய்கிற வேலை இது.

பையிலிருந்த அளவு ஜாடியை நீட்டி, அந்த ஒரு கைத் தண்ணீரை விட்டுக் காட்டச் சொன்னேன். மூன்று முறை விட்டார். மூன்று அளவு.

“ஆட்டைப் பொறுத்தது டீச்சர்,” என்றார். பிறகு, “அடுத்த வாட்டி தண்ணி விட்டுத் தரவா, விடாமத் தரவா?” என்று கேட்டார்.

“விட்டுத்தான் அண்ணே, ஆனா இதுல அளந்து,” என்று ஜாடியைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.