தென்னங்குற்றிச் சுவரில் மாப்பிள்ளை பார்த்தோம்

உடுப்பிட்டியில் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை சாவகச்சேரிப் பக்கம், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். புயலில் தங்கள் காணியில் விழுந்த தென்னைகளை வைத்துத் தன் கையாலேயே மரவீடு கட்டுகிறாராம். "ஏன், சீமெந்து கிடைக்கேல்லையாமோ?" என்று அம்மா கேட்டார்.

அம்மாவும் மாமாவும் நானும் ஒரு சனிக்கிழமை போனோம். சொன்ன நேரத்துக்கு முன்னரே போய்விட்டோம். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

வளவுக்குள் முழுத் தென்னங்குற்றிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஆள் உயரத்துக்கு எழுப்பிய நாலு சுவர். அதில் ஒன்றின் மேலே சாரத்தை மடித்துக் கட்டி, தலையெல்லாம் மரத்தூளாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுவரில் சாய்த்து வைத்த இரண்டு கம்பங்களில் ஒரு பெரிய குற்றி பாதி வழி ஏறி நின்றது. அதைச் சுற்றிய ஒரு கயிறு அவர் கையில். மற்றது சுவருக்கு உட்புறம் நின்ற சிநேகிதரின் கையில்.

அவருடைய அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். "தம்பி, இறங்கு! பொம்பிளை வீட்டு ஆக்கள் வந்திட்டினம்!"

"இறங்கேலாதம்மா! கையை விட்டால் மரம் அவையின்ரை காலடிக்குத்தான் வரும்!"

மாமா உடனே பலாமரத்துக்குப் பின்னால் போய்விட்டார். ஆனால் விசாரணையை விடவில்லை. "தம்பி, எத்தினையாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறியள்?"

"பத்தாம் வகுப்புக்கு! இழுடா, இழுடா!" பின்னது சிநேகிதருக்கு.

சிநேகிதரின் பக்கம் பின்தங்கியதால் குற்றி சரியத் தொடங்கியது. என்ன நினைத்தேனோ தெரியாது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்கு விட்டிருந்த இடைவெளியால் உள்ளே ஓடி, அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். "எடியே, சீலை!" என்று அம்மா கத்தினார். குற்றி ஒரு உருளலில் சுவர் உச்சியில் போய் உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை.

"நன்றி. அந்த மூலையை ஒருக்கால் பிடிக்கிறியளோ?" என்றார் அவர்.

ஏணியில் ஏறினேன். பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக் கவராயம் அவர் கையில் இருந்தது. அதன் ஒரு காலைக் கீழ்க் குற்றியின் வளைவில் ஓடவிட்டார். மற்றக் காலில் இருந்த சோக்குத் துண்டு அதே வளைவை மேல் குற்றியில் வரைந்தது.

"இது சட்டைக்குக் கை வெட்டுற மாதிரியெல்லோ," என்றேன். "கைச்சுற்றின்ரை வளைவைப் பார்த்துத்தான் கையின்ரை வளைவை வெட்டுவம்."

"அதேதான்! ஒரு வருசமாச் சொல்லுறன், ஒருத்தருக்கும் விளங்கேல்லை!" அவர் துள்ளிய துள்ளலில் நான் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"ஏன் பள்ளத்தை மேல் குற்றியின்ரை அடிப்பக்கத்திலை வெட்டுறியள்?"

"கீழ்க் குற்றியின்ரை முதுகிலை வெட்டினால் மழைத் தண்ணி தேங்கி உக்கிப் போடும்."

கீழே இருந்தவர்களுக்கு இது ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் குணநலம் பேசுவதாக நினைத்திருப்பார்கள். தேத்தண்ணீர் கயிற்றில் கட்டிய வாளியில் மேலே வந்தது.

குற்றியைப் புரட்டி, கோடு வழியே உளியால் செதுக்கினார். சிநேகிதரும் சேர்ந்து திருப்பிப் புரட்டினோம். இரண்டு மூலையிலும் 'டொக்' என்று இறங்கியது. ஆணி ஒன்றும் இல்லை.

"உங்கடை பக்கம் பிடிச்சிருக்கோ?" அவர் மறு மூலையிலிருந்து கத்தினார்.

குற்றியை உலுப்பிப் பார்த்தேன். "நல்லாப் பிடிச்சிருக்கு!"

பலாமரத்துக்குப் பின்னாலிருந்து மாமா கைதட்டினார். "பெட்டைக்குப் பிடிச்சிருக்காம்!"

இரண்டு அம்மாக்களும் கையைக் கோத்துக்கொண்டார்கள். மாமா அங்கேயே நாள் பார்க்க ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் காது சிவந்துவிட்டது. "நான் மரத்தைத்தான் கேட்டனான் எண்டு அவைக்குச் சொல்லவோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்கள் கேட்டது மரத்தை. நான் சொன்னது இரண்டையும்," என்றேன். சொல்லிவிட்டு ஏணியைத் தேடினேன்.

கலியாணத்துக்கு முதல் கூரை போட்டாயிற்று. குற்றிகளுக்கு இடையிலான நீக்கலை அடைக்கிற வேலை மட்டும் எங்கள் இருவருக்கும் மிஞ்சியிருந்தது. புதுத் தம்பதியாக, விருந்துக்குப் போகாத மாலைகளில் எல்லாம் தேங்காய்த் தும்பைத் திரித்துத் திரித்துச் சுவருக்குள் அடைத்தோம். நான் உள்ளே, அவர் வெளியே. ஒரு நீக்கலால் அவருடைய ஒற்றைக் கண் தெரியும். அதை மட்டும் அடைக்க எனக்கு மனம் வராது. "அதாலை நுளம்பு வந்து கடிக்கும்," என்பார் அவர், கண்ணை எடுக்காமலே.