ஒற்றைக் கைக்கு ஒரு மாலை

அவளுடைய நிஜப் பெயர் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் மணியக்கா. சட்டை தைக்கும் ஆலையில் பதினோரு வருடம் பொத்தான் தைத்தவள். ஆலையை மூடிய பிறகு ஜன்னலோரம் மேசை போட்டு மணி கோக்க உட்கார்ந்தாள். உருளாமல் இருக்க ஒரு கம்பளித் துண்டு, அதன் மேல் கிண்ணம் கிண்ணமாகக் கிரிஸ்டல், வண்ணக் கற்கள், கடுகளவு பாசிமணி. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் வீட்டுக்குள் தரையைப் பார்த்தேதான் நடப்பார். "கால்ல குத்தாத மணியா ஒண்ணாவது வாங்கேன்" என்பார்.

மேல்மாடி டீச்சர் ஒருநாள் மருமகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். டீச்சருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். வலது கை இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. இடது கையில் ஊதா நிற அமெதிஸ்ட் மாலை.

"இதை நானே போட்டுக்கணும், நானே கழட்டணும். அதுக்குத் தகுந்த மாதிரி கொக்கியை மாத்திக் குடு."

"நான்தான் தினமும் போட்டு விடறேனே அத்தை" என்றாள் மருமகள்.

"சீப்பும் நீதான் பிடிக்கறே, பொத்தானும் நீதான் போடறே. இது ஒண்ணையாவது எனக்கு விடு."

மருமகளின் முகம் சுருங்கியது. நமக்கெதற்கு வம்பு என்று மணியக்கா மாலையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

சுலபமான வேலை என்றுதான் நினைத்தாள். காந்தக் கொக்கி என்றால் தானாக ஒட்டிக்கொள்ளும். மறுநாளே மாட்டி எடுத்துப் போனாள். கதவைத் திறந்த மருமகள் அப்படியே தடுத்துவிட்டாள்.

"ஐயோ அக்கா, அத்தைக்கு நெஞ்சில பேஸ்மேக்கர் இருக்கு. காந்தம் கிட்டயே வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

மணியக்கா மாலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். கேட்காமல் விட்டது தன் தப்பு.

அடுத்து எலாஸ்டிக் நூலில் கோத்தாள். கல்லின் கனத்தில் மூன்றே நாளில் தொய்ந்து வயிறு வரை இறங்கியது. கொக்கியே இல்லாமல் நீளமாகக் கோத்தாள். தலைவழியாகப் போட்டபோது அது டீச்சரின் காது கேட்கும் கருவியை இழுத்துக்கொண்டு வந்தது.

"காதையும் கழட்டி வெச்சுட்டுத்தான் போட்டுக்கணுமா?" என்று கேட்டார் டீச்சர்.

அன்று மணியக்கா தன் வலது கையைத் துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். வேலை முடிந்து வந்த கணவர் பார்த்தார்.

"யாரு கட்டிப் போட்டது? அந்தப் புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு போடணும்."

"வாயை மூடிட்டு அந்த மாலையை எடுங்க."

ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு பின்கழுத்தில் எதையும் பூட்ட முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. துண்டு போலத் தோளில் போட்டால் இரண்டு முனையும் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. சரி, பூட்டு முன்னால் இருக்கட்டும். ஒரு முனையில் அகலமான வளையம். மறுமுனையில் அதற்குள் நுழைந்து குறுக்கே நிற்கும் குச்சி. வளையம் ஆடாமலிருக்க அதன் கீழே கனமான கிரிஸ்டல் ஒன்றைத் தொங்கவிட்டாள். அப்படியும் குச்சி நுழையவில்லை; அதை ஒட்டியிருந்த கல் வளையத்தில் இடித்தது. அந்தக் கல்லை எடுத்துவிட்டு விரலகலத்துக்குப் பாசிமணி கோத்ததும் அந்த இடம் வளைந்து கொடுத்தது.

டீச்சருக்கு முதல் தடவை இருபது நிமிடம் ஆயிற்று. குச்சி நான்கு முறை நழுவியது. மருமகள் இரண்டு தடவை பாதி எழுந்தாள். பிறகு கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாம் முறை மாட்டியது. டீச்சர் கழற்றினார். மறுபடி மாட்டினார். மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்து பிடித்தாள்.

டீச்சர் நிதானமாகப் பார்த்தார். "ஒரு பக்கம் பத்துக் கல்லு, இன்னொரு பக்கம் ஒம்போது."

எண்ணிப் பார்த்தால் டீச்சர் சொன்னது சரிதான்; எடுத்த கல்லுக்கு ஈடாக மறுபக்கம் ஒன்றைக் குறைக்க மறந்திருந்தாள். மணியக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு, திருத்தித் தருவதாகச் சொல்லிக் கை நீட்டினாள். டீச்சர் அன்றைக்குத் தர மறுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் கொடுத்தனுப்பினார்.

பிசியோதெரபிக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறார். அங்கே பார்த்துவிட்டு இரண்டு பேர் மணியக்காவைத் தேடி வந்தார்கள். யார் வந்தாலும் இப்போது நிறத்தையும் நீளத்தையும் விசாரிப்பதற்கு முன், "உங்களுக்கு எந்தக் கை வசதி?" என்றுதான் கேட்கிறாள்.