புஷ்பம் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பிய கதை

டாக்டரிடம்கூடப் பாதி உண்மையைச் சொல்லிவிடும் ஜனங்கள், கம்ப்யூட்டர் பழுது பார்க்க வருகிறவளிடம் மட்டும் "நாங்க ஒண்ணுமே பண்ணலையே" என்றுதான் சொல்வார்கள். ராஜபாளையத்தில் ஒரு கடையில் பதினோரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். அந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் கிடையாது. இதே தொழிலில் அடிபட்டவர்கள் தைரியமாக மேலே படிக்கலாம். மற்றவர்கள் உங்கள் வீட்டு சுவிட்ச் போர்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

எஞ்சினியர் வரலையா

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அந்தோணி அண்ணாச்சியின் மனைவி புஷ்பம் அக்கா. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு உண்டு. ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் போய்விடும். அறிவு மட்டும் கத்தி மாதிரி. பெங்களூரில் இருக்கும் மகன் ஜெரால்டு, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வைத்திருந்தான். அதில் பெரிய பட்டன் ஒன்று. இடது கையால் அமுக்கினால், ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து அக்காவுக்குப் பிடித்த சினிமாப் பாட்டாக வரும். கம்ப்யூட்டர் தூக்கத்தில் இருந்தால் பெட்டியே நெட்வொர்க் வழியாக அதைத் தட்டி எழுப்பிக்கொள்ள வேண்டும்.

அதுதான் எழும்பவில்லை. எழும்பாவிட்டால், அண்ணாச்சி மத்தியானம் கடையிலிருந்து வந்து தன் போனில் ஏதாவது போடும்வரை அக்கா காத்திருக்க வேண்டும். அவர் போடுவது எப்போதும் பிரசங்கம்தான். "அவளுக்கு இதுதான் நல்லதும்மா" என்றார் என்னிடம். கட்டிலில் கிடந்த அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

நான் வாசலில் வண்டியை நிறுத்தியபோதே அண்ணாச்சி எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. கம்ப்யூட்டரில் நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதி மூடிக் கிடந்தது. திறந்துவிட்டேன். தூங்க வைத்துவிட்டு அக்காவைப் பட்டனை அமுக்கச் சொன்னேன். பத்து எண்ணுவதற்குள் பாட்டு வந்தது. அக்காவின் இடது கை போர்வை மேல் தாளம் போட்டது. அண்ணாச்சி முழுப் பாட்டையும் நின்று கேட்டார். பிறகு சொன்னார்: "எல்லாம் சரிதாம்மா. நாளைக்கு எஞ்சினியர ஒருதடவ வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

அசிங்கமான வயர்

ஒரு வாரம்தான். மறுபடியும் போன், மறுபடியும் அதே புகார். "அந்தப் பிள்ளை பண்ணுன வேலை நிக்கலையே" என்று அண்ணாச்சி பக்கத்துக் கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார் என்று வழியிலேயே தெரிந்துகொண்டேன். கோபத்தோடு போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் இணைக்கும் நீல வயரைக் காணவில்லை. "நாங்க ஒண்ணுமே பண்ணலையேம்மா" என்றார் அண்ணாச்சி. ஷோகேஸில், மாதா சொரூபத்துக்குப் பின்னால், அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தது.

லீவுக்கு வந்த ஜெரால்டின் கைங்கரியம். ஹாலின் அழகைக் கெடுக்கிறது என்று வயரைக் கழற்றிவிட்டு வைஃபையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். வைஃபையில் பாட்டெல்லாம் நன்றாகத்தான் ஓடும், கம்ப்யூட்டர் விழித்திருக்கும்வரை. தூங்கிவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரின் காதுக்கு வயர் வழியாக வருவது மட்டும்தான் கேட்கும். கம்ப்யூட்டர் வேலையே பார்க்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது! அவன் கழற்றியதிலிருந்து அக்கா மூன்று நாள் பிரசங்கம் கேட்டிருக்கிறார். ஏணி போட்டு, சுவரோரமாக கிளிப் அடித்து, வயரைத் திரும்ப இழுத்து, பாட்டை வரவைத்து, வீடியோ காலில் அவனிடம் காட்டினேன். அவன் செத்த நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சூப்பர்க்கா. ஆனா வயர் தெரியுதே?"

ரெண்டு நிமிஷ வேலை

அடுத்த புகார் தலைகீழ். இப்போது கம்ப்யூட்டர் தூங்கவே மாட்டேன் என்கிறதாம். கடையில் என்னோடு வேலை பார்க்கும் முருகேசன் அண்ணன் டீயைக் குடித்துக்கொண்டே யோசனை சொன்னார்: தூங்கவே வேண்டாம் என்று வைத்துவிட்டால் ரெண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. அண்ணாச்சியிடம் அதைச் சொன்னேன். "ராத்திரியும் பகலும் ஓடுனா மெஷின் என்னத்துக்கு ஆகும்? கரண்டு என்ன சும்மாவா வருது?" என்று குதித்தார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அங்கிருக்கும் டிவியும் போன்களும் "பாட்டு இருக்கா, பாட்டு இருக்கா" என்று நெட்வொர்க்கில் தேடும்போதெல்லாம் இது துள்ளி எழுந்துகொண்டிருக்கிறது. எழுப்புவதற்கென்றே பெட்டி அனுப்பும் சமிக்ஞைக்கு மட்டும் எழுந்தால் போதும் என்று மாற்றினேன். நாலு தடவை தூங்க வைத்தேன், நாலு தடவையும் அக்கா எழுப்பினார். நாலாவது தடவை சிரித்தார். கம்ப்யூட்டர் பிளக்குக்கு மேலே "இந்த சுவிட்சை யாரும் அமத்தக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். மின்சாரத்தையே நிறுத்திவிட்டால் எந்த மெஷின் எழும்பும்? பிறகு என் லேப்டாப், சார்ஜர், வயர் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, இடத்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். போன வீட்டில் எதையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வரும் பழக்கம் எனக்குக் கிடையாது.

கடைக்குத் திரும்ப சாயங்காலம் ஆகிவிட்டது. முருகேசன் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "தூங்கவே விடாதன்னு நான் மொதல்லயே சொன்னேன். படிச்ச பிள்ளைக கேக்கவா செய்யும்?"

சிவப்பு லைட்

மறுநாள் காலையிலேயே அண்ணாச்சியிடமிருந்து போன். குரலில் கோபம்கூட இல்லை. மறுபடியும் பாட்டு வரவில்லையாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுமாறு சொன்னார். இனி தன் போனே போதுமாம். அவருக்குப் போதும், கேட்கப்போவது அக்கா அல்லவா? வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று எனக்கே தெரியாது.

உள்ளே போனதும் கண்ணில் பட்டது சுவிட்ச் போர்டுதான். என் சீட்டு அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே சுவிட்ச் ஆஃப். கத்தித் தீர்த்துவிட்டேன். நம் ஊர்ப்பக்கம் இது ஒரு வியாதி. சுவிட்சில் சிவப்பு லைட் எரிந்தால் யாருக்கும் பொறுக்காது. ஆள் எழுந்தால் அமத்து, வெளியே போனால் அமத்து, இடி இடித்தால் ஓடிப்போய் எல்லாவற்றையும் அமத்து. எழுதி ஒட்டியதைப் படிக்கக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்டேன். "பைபிள் மேல அடிச்சுச் சொல்லுதேன், நான் தொடல. வேலைக்காரம்மாவும் நேத்து வரல" என்றார் அண்ணாச்சி. நான் நம்பவில்லை.

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. அங்கிருந்து பார்த்தால் கதவு வழியாக அந்தப் போர்டு நேராகத் தெரியும். அக்கா எதையோ சொல்ல ஆரம்பித்தார். "நீ சும்மா இரு புஷ்பம், நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார் அண்ணாச்சி. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "அவங்களப் பேச விடுங்க அண்ணாச்சி. வீட்டுல நடக்குறதப் பூராம் பாக்குறது அவங்கதான்" என்று சொல்லிவிட்டு, கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சியும் பக்கத்தில் வந்து நின்றார். அக்கா என் முகத்தையே பார்த்தார். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது: "நேத்து... சார்ஜர... எடுத்தேல்ல... அப்ப... ரெண்டு சுவிட்சையும்... நீதான்... அமத்துன. இவருட்ட... நேத்தே... சொன்னேன். கேக்கல."

பெட்டி இன்றும் அந்தக் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. நான் ஒட்டிய சீட்டில் மட்டும், அக்கா ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டு எழுதிய "கம்ப்யூட்டர் பாக்க வார பிள்ளையும்தான்" என்ற வரி, பதினோரு வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே சர்டிபிகேட்டாகச் சேர்ந்திருக்கிறது.