காளிமுத்து அளந்த விளக்கு மாடங்கள்

"காளிமுத்தண்ணன் தவறிட்டாரு, கிராணியாரே" என்று அளவுச் சங்கிலி பிடிக்கும் வீரன் சர்வே ஆபீஸ் வாசலில் நின்று, படம் வரையும் கிராணியான என்னிடம் சொன்னான். மூன்று நாள் காய்ச்சலாம். எனக்குத் தெரியவே இல்லை.

கிள்ளான் ஆற்றோரம் உயரம் அளக்கும் மட்டக்கோல் பிடித்த காளிமுத்துவை உங்களில் பலர் அறிவீர்கள். வெள்ளம் வடிந்ததும் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று அளப்பது எங்கள் வேலை. அதை வைத்துத்தான் ஆற்றுக்கு எங்கே கரை போடுவதென்று முடிவாகும். சுவரில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளம் வந்த வீடு. இல்லையென்றால் வராத வீடு. அந்தக் கணக்கில் நான் தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களை மேட்டு நிலமென்று படத்தில் வரைந்துவிட்டேன். வெள்ளத்துக்குப் பின் வந்த தீபாவளிக்கு அங்கே எல்லா வீட்டுக்கும் கறை மறையச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

"சுவர விடுங்க, பொம்பளைங்கள கேப்போம்" என்று காளிமுத்து என்னை இழுத்துப் போனார். வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "வெளக்கு மாடம் நனைஞ்சுச்சா, தாயி?" ஒருத்தியும் தடுமாறவில்லை. "மாடத்துக்கு மேல ஒரு சாண். வெளக்கே மெதந்து போச்சு" என்றாள் ஒரு பெண். அவர் மாடத்தருகே கோலை நிறுத்தினார், நான் குறித்துக்கொண்டேன்.

படத்தைத் திருத்தினால் எங்கள் வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தயங்கினேன். "திட்டு ஒரு நாளைக்கு. தண்ணி வருசா வருசம்" என்றார். திருத்தினேன். கரை லயங்களையும் வளைத்துக்கொண்டு எழும்பியது. அடுத்த மழையில் அங்கே ஓர் அடுப்பும் அணையவில்லை.

சாவு வீட்டுக்கு வழி கேட்டேன். கரைமேல் ஏறி, ஆற்றுப் பக்கமாக இறங்கச் சொன்னார்கள். இத்தனை வருடம் கூடவே வேலை பார்த்தும், அவர் எங்கே குடியிருக்கிறார் என்று நான் கேட்டதில்லை. கரைக்கு வெளியே, தண்ணீரை ஒட்டி ஒரு பலகை வீடு.

"உங்கள் வீடு கரைக்கு வெளியே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா?" என்றேன் அவர் மனைவியிடம்.

"நானும் அவரோட சண்டை போட்டேங்க. 'நம்ம வீட்டுக்காகத்தான் இவன் இவ்வளவு பேசறான்னு தொர நெனச்சா, படத்துல லயத்தையும் சேத்து அடிச்சிடுவாரு'ன்னாரு."

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது அந்தச் சாவு வீட்டில் பட்ட வெட்கத்தைத்தான். திங்கட்கிழமை அந்த ஒரு வீட்டுக்காகத் துரை முன் போய் நிற்கப் போகிறேன். என் வீடில்லையே, நான் தாராளமாகக் கேட்கலாம்.